அக்கா, ஒரு பல்லுக்கு இவ்வளவா?

போன இதழில் திடீர் மருத்துவச் செலவுக்கு எப்படிப் பணம் ஒதுக்குவது என்று எழுதியிருந்தேன். கண், முதுகு, மூட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் பல்லை மட்டும் மறந்துவிட்டீர்களே என்று பலர் குட்டியிருக்கிறார்கள். குட்டு நியாயமானதுதான், அதனால் இந்த முறை முழுக்கப் பல். நான் பல் மருத்துவர் இல்லை, மூன்று கடைவாய்ப்பற்களுக்குச் செலவழித்தவள். அதில் ஒன்று இப்போது வாயில் இல்லை, அந்தக் கதையும் கீழே வருகிறது.

கேள்வி: அக்கா, ஒரு வாரமாக வலது கீழ்க் கடைவாயில் உயிர் போகிற வலி. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு ஒரு சீட்டு கொடுத்தார். 46 ஆர்.சி.டி., கிரவுன், 47 அடைப்பது, 38 எடுப்பது, கிளீனிங் என்று வரிசையாக எழுதி, கீழே மொத்தத் தொகையைப் போட்டிருக்கிறார். அது என் ஒன்றரை மாதச் சம்பளம். கையில் இருப்பது குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்காக எடுத்து வைத்த பணம்தான். அதில் கை வைக்கவா, கடன் வாங்கவா, இல்லை பல்லையே பிடுங்கிப் போட்டுவிடவா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

பதில்: அந்தப் பக்கத்துப் பல்லை எப்படிம்மா கடித்தீர்கள்! சரி, விளையாட்டு போதும், அந்தச் சீட்டை மறுபடி கையில் எடுங்கள்.

ஆர்.சி.டி. என்பது பல்லின் வேர் சிகிச்சை, அந்த எண்கள் பல்லின் முகவரி. முதல் இலக்கம் வாயின் எந்தப் பகுதி என்று சொல்கிறது: உங்கள் வலது மேல்புறம் 1, இடது மேல்புறம் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. அடுத்த இலக்கம், நடுவிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் எத்தனையாவது பல் என்பது. ஆக 46 என்றால் வலது கீழே ஆறாவது பல், உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இதுதான். 47 அதற்குப் பின்னால் இருப்பது. 38 இடது கீழ்க் கோடியில் இருக்கும் ஞானப்பல், நீங்கள் எழுதியதில் அந்தப் பக்கம் வலிப்பதாகவே இல்லை. இதை எதற்கு இவ்வளவு நீட்டி முழக்குகிறேன் என்றால், உங்களை மிரட்டுவது சீட்டின் கடைசி வரி. அதற்கு மேலே ஐந்து வேலைகள் தனித்தனியாக நிற்கின்றன, ஐந்தையும் ஒரே வாரத்தில் முடிக்க வேண்டும் என்று அந்தச் சீட்டில் எங்கும் எழுதவில்லை.

டாக்டரிடம் திரும்பப் போய் நேராகச் சொல்லிவிடுங்கள்: "டாக்டர், என்னால் இந்த மாதம் இவ்வளவுதான் முடியும். இதில் இன்றைக்கே செய்தாக வேண்டியது எது, மூன்று மாதம் தள்ளினால் கெட்டுப்போவது எது, தள்ளினாலும் ஒன்றும் ஆகாதது எது?" இப்படிக் கேட்க நம்மில் பலருக்குக் கூச்சம். துணி எடுக்கும்போது பத்துத் தடவை விலை கேட்கிறவர்கள்கூட அந்தச் சாய்வு நாற்காலியில் படுத்ததும் வாயை மட்டும் திறந்துகொண்டு பேச்சை மூடிவிடுகிறோம். நோயாளியின் கையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால்தான் அவரும் அதற்கேற்ற மாதிரி திட்டம் போட முடியும், அதனால் நாற்காலியில் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

என் ஊகம் இது, முடிவை டாக்டர் சொல்லட்டும். 46 காத்திருக்காது. 47-இல் இருப்பது சின்னச் சொத்தை என்றால் சில வாரம் பொறுக்கும், ஆனால் வருடக்கணக்கில் விட்டால் இன்றைக்கு அடைத்து முடிக்கக்கூடியது நாளைக்கு இன்னொரு ஆர்.சி.டி. ஆகிவிடும். 38 வலிக்கவில்லை, வீங்கவில்லை, பக்கத்துப் பல்லைக் கெடுக்கவில்லை என்றால் அதை ஏன் எடுக்க வேண்டும் என்று கேளுங்கள், காரணம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கிளீனிங் வேண்டியதுதான், ஆனால் அதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

46-க்குள்ளேயே இன்னும் பிரிக்கலாம். சொத்தை பல்லின் நடுவில் நரம்பு இருக்கும் இடம் வரை போய்விட்டதால்தான் அந்த வலி. முதல் தடவை பல்லைத் திறந்து உள்ளே கெட்டுப்போனதை எடுத்துச் சுத்தம் செய்து மருந்து வைத்துத் தற்காலிகமாக மூடுவார்கள், பெரும்பாலும் வலி அத்தோடு அடங்கிவிடும். அடுத்த வரவில் வேர்க்குழாய்களை நிரப்பி நிரந்தரமாக அடைப்பார்கள், அதற்குப் பிறகு கிரவுன், அதாவது கேப். ஒரே நாளில் வேர் சிகிச்சையை முடிக்கிற டாக்டர்களும் உண்டு. எப்படியானாலும் ஒவ்வொரு வரவுக்கும் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தொகைக்குள் எக்ஸ்ரேயும் கேப்பும் அடக்கமா என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிற மனக்கசப்பெல்லாம் இந்த இரண்டில்தான்.

இங்கேதான் நான் விழுந்தேன். எனக்கு முதல் வரவிலேயே வலி போய்விட்டது. வேர் சிகிச்சையை மட்டும் எப்படியோ முடித்துக்கொண்டு, கேப்பை அடுத்த மாதம் போட்டுக்கொள்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் வேறு செலவு, அதற்கடுத்த மாதம் இன்னொன்று, எட்டு மாதம் ஓடிவிட்டது. ஒரு ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது டக்கென்று ஒரு சத்தம், அது காதில் கேட்டதைவிட மண்டைக்குள் கேட்டது. நாக்கில் ஏதோ கூரானது தட்டுப்பட, எடுத்துப் பார்த்தால் பாதிப் பல். பிளவு வேர் வரை போய்விட்டதால் இனி காப்பாற்ற முடியாது என்று சொல்லிப் பிடுங்கிவிட்டார்கள். வேர் சிகிச்சைக்குக் கொடுத்த பணமும் போச்சு, பல்லும் போச்சு, அந்த இடத்தை நிரப்ப கேப்பைப்போலப் பல மடங்கு ஆனது. ஏற்கெனவே சொத்தை தின்று, சிகிச்சைக்காகவும் குடைந்து, நடுவில் கூடாகிப்போன பல் அது, கடைவாயில் விழும் பாரம் கொஞ்சநஞ்சம் இல்லை, மேலே ஒரு கவசம் இல்லாவிட்டால் பிளக்கத்தான் செய்யும். டாக்டர் இரண்டு தடவை சொன்னார், நான்தான் கேட்கவில்லை. ஆகவே பணத்தைப் பிரிக்கும்போது கேப்பின் பங்கைத் தொடாமல் வையுங்கள். தற்காலிக அடைப்பையும் நம்பி உட்காராதீர்கள், அது சில வாரத்துக்குத்தான், அதற்குமேல் ஓரம் கசிந்து கிருமி உள்ளே போய் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டி வரும்.

கேப்பிலும் மிச்சம் பிடிக்கலாம். முழுக்க உலோகம், உலோகத்தின்மேல் பீங்கான், சிர்கோனியா என்கிற உறுதியான வெள்ளைப் பீங்கான் என்று வகைகள் இருக்கின்றன, விலையும் ஏறிக்கொண்டே போகும். கடைவாயின் ஆழத்தில் யார் பார்க்கப்போகிறார்கள்? சாதாரண உலோகக் கேப் உறுதியானது, பல்லையும் குறைவாகத்தான் ராவ வேண்டியிருக்கும். வெள்ளையாக இருக்காது, அவ்வளவுதான். உலோக ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிடுங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்றைய கணக்கில் அதுதான் மலிவு, வேறு வழியே இல்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, சீழ் வைத்த பல்லோடு மாதக்கணக்கில் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் இது ஞானப்பல் இல்லை, மெல்லுகிற வேலையில் பெரும்பங்கு இந்தப் பல்லுக்குத்தான். இடம் காலியானால் பின்னால் இருக்கிற பல் மெல்ல அதன்மேல் சாயும், எதிரே இருக்கிற மேல் பல் கீழே இறங்கும், தாடை எலும்பும் அந்த இடத்தில் தேயும். பிறகு செயற்கைப் பல் வைக்கலாம் என்று போகும்போது செலவு கூடியிருக்கும். காப்பாற்றக்கூடிய பல் என்று டாக்டர் சொன்னால் காப்பாற்றப் பாருங்கள்.

முடிவெடுக்கும் முன் பல் மருத்துவக் கல்லூரி எதுவும் எட்டுகிற தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மாணவர்கள் சிகிச்சை செய்வார்கள், பேராசிரியர்கள் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துச் சரி சொல்லிய பிறகே அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். கட்டணம் பொதுவாகக் குறைவு, நேரம்தான் அதிகம் எடுக்கும், ஒரு மணி நேர வேலைக்கு அரை நாள் வாய் திறந்திருக்க வேண்டி வரலாம். விடுப்பு எடுத்தால் சம்பளம் பிடிப்பார்கள் என்றால் அதையும் கூட்டிப் பாருங்கள்.

பள்ளிக் கட்டணத்தை எப்போது கட்ட வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தால் முதல் வரவுக்கான பணத்தை அதிலிருந்தே எடுங்கள், எடுத்த தேதியையும் திருப்பி வைக்கப்போகிற தேதியையும் ஒரு தாளில் எழுதி அந்தப் பணத்தோடேயே வையுங்கள். வெளியில் வட்டிக்கு வாங்குவது கடைசி வழி. வட்டியில்லாத் தவணை என்று சொன்னால் பரிசீலனைக் கட்டணம் எவ்வளவு, ஒரு தவணை தவறினால் முதல் நாளிலிருந்து வட்டி போடுவார்களா என்று இரண்டையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கன்னம் வீங்கினால் நீங்கள் சொல்லாமலே தெரிந்துவிடும்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. கீழ்த்தாடையில் இரண்டு பல் இல்லை. இரண்டு இம்ப்ளாண்ட் வைக்கலாம், முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டினால் தள்ளுபடி, சலுகை இந்த வாரம் மட்டும் என்கிறார்கள். அப்பா வேண்டாம், வீண் செலவு என்கிறார். நான் கட்டிவிடலாம் என்று பார்க்கிறேன்.
– ஒரு மகன்

பதில்: இம்ப்ளாண்ட் நல்ல விஷயம்தான் தம்பி. ஸ்வீடனில் பிரானெமார்க் என்கிற மருத்துவர் 1965-இல் முதல் நோயாளிக்கு வைத்ததிலிருந்து எத்தனையோ பேருக்குப் பயன்பட்டிருக்கிறது. டைட்டானியம் திருகு ஒன்றைத் தாடை எலும்பில் பதிப்பார்கள், எலும்பு அதோடு ஒட்டி வளரப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதம் ஆகும், அதன் பிறகுதான் மேலே பல். வேலையே மாதக்கணக்கில் நடக்கும்போது பணத்தை மட்டும் ஏன் முதல் நாளே முழுதாகக் கட்ட வேண்டும்? திருகு பதிக்கும்போது ஒரு பங்கு, பல் வைக்கும்போது மீதி என்று கேளுங்கள். ஒரு வாரத்துக்குள் முடிவெடுக்கச் சொல்லும் அவசரம் பல்லுக்கு இல்லை, அது விற்கிறவருக்கு.

சர்க்கரை இருப்பதாலேயே இம்ப்ளாண்ட் கூடாது என்றில்லை, கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் புண் ஆறுவதும் எலும்பு ஒட்டுவதும் சிரமம். அதனால் சமீபத்திய சர்க்கரைப் பரிசோதனை முடிவைக் கையோடு கொண்டு போங்கள். அப்பா சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும்தான், முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்கவும் எலும்புத் தேய்வுக்கும் எடுப்பவை. அவற்றை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

எக்ஸ்ரேயின் பிரதியை வாங்கிக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் போங்கள். முதலாமவர் என்ன சொன்னார் என்று உடனே சொல்லாமல், என்ன செய்யலாம் என்று மட்டும் கேளுங்கள். பக்கத்துப் பற்களைப் பிடிமானமாக வைத்து இடைவெளியை மூடும் பிரிட்ஜ் போடலாம், ஆனால் இருபக்கமும் உள்ள அந்தப் பற்களை ராவ வேண்டும், அவை நல்ல பற்களாக இருந்தால் யோசிக்க வேண்டியதுதான். கழற்றி மாட்டும் பல் செட் இருப்பதிலேயே மலிவு, பழக நாளாகும். ஒன்றும் வைக்காமலே விடுவதும் ஒரு வழி, அதை நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை. போன இரண்டு பல்லும் கடைசிக் கோடியில் உள்ளவை என்றால், அப்பா நன்றாக மென்று சாப்பிடுகிறார் என்றால், விட்டுவிடச் சொல்லும் டாக்டர்களும் உண்டு. அவருக்குச் சாப்பிடக் கஷ்டமாக இருக்கிறதா என்று ஒரு தடவை உட்கார்ந்து கேட்டீர்களா? வாய் அவருடையது.

கேள்வி: சம்பளம் வர இன்னும் பன்னிரண்டு நாள். அதுவரை வலி மாத்திரையும் கிராம்பு எண்ணெயுமாக ஓட்டலாமா? நண்பன் மிச்சம் வைத்திருந்த ஆன்டிபயாடிக் நான்கு மாத்திரை இருக்கிறது.
– இரவில் தூங்காதவன்

பதில்: நண்பனின் மாத்திரையை அவனிடமே திருப்பிக் கொடுங்கள். நரம்பு செத்துப்போன பல்லுக்குள் ரத்த ஓட்டம் இருக்காது, ரத்தம் போகாத இடத்துக்கு மாத்திரையும் போகாது. வெளியே பரவிய வீக்கத்தைக் கொஞ்சம் அடக்கும், உள்ளே இருக்கிற கிருமிக் கூட்டம் அப்படியே இருக்கும். கிராம்பு எண்ணெய் கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்யும், பஞ்சில் ஒரு துளி தொட்டுப் பல்லில் மட்டும் வையுங்கள், ஈறில் அதிகம் பட்டால் எரித்துவிடும். ஆஸ்பிரினை ஈறில் அடக்கிக்கொள்கிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது, வேண்டவே வேண்டாம், சதை வெந்து வெள்ளையாகிவிடும். வலி மாத்திரையை அட்டையில் போட்ட அளவுக்கு மேல் விழுங்காதீர்கள். பாரசிட்டமால் சாதுவான மாத்திரை என்று நினைத்து, பல்வலி தாங்காமல் அளவு மீறிப் போட்டுக் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. வலி திடீரென்று தானாக நின்றுவிட்டால் சந்தோஷப்பட வேண்டாம், நரம்பு செத்திருக்கும், சீழ் பின்னால் வரும்.

முகமோ கழுத்தோ வீங்கி, காய்ச்சல் வந்து, வாயைத் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் சம்பளத் தேதியெல்லாம் பார்க்காமல் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அது உயிருக்கு ஆபத்தானது. அப்படி இல்லையென்றாலும் பன்னிரண்டு நாள் காத்திருக்காமல் இப்போதே ஒரு டாக்டரிடம் போய், வலியை நிறுத்த மட்டும் எவ்வளவு என்று கேளுங்கள். முதல் கேள்வியில் சொன்ன அந்த முதல் வரவுதான் உங்களுக்கும்.

கேள்வி: பக்கத்து வீட்டில் விளையாடும்போது என் மகனின் முன்பல் பாதி உடைந்துவிட்டது. அவனுக்குப் பத்து வயது. அந்த வீட்டுக்காரர் செலவை நானே தருகிறேன், இத்தோடு முடித்துக்கொள்வோம் என்கிறார். வாங்கலாமா?

பதில்: மனமுவந்து தருவதை வாங்குங்கள், "இத்தோடு முடித்துக்கொள்வோம்" என்பதற்கு மட்டும் இப்போது தலையாட்டாதீர்கள். அடிபட்ட பல் இன்றைக்கு ஒட்டவைத்ததும் அழகாக இருக்கும், பல மாதம் கழித்து நிறம் கறுக்கலாம், வேர் சிகிச்சை தேவைப்படலாம், வளர்ந்த பிறகு கேப் மாற்ற வேண்டி வரலாம். டாக்டரிடம் அடிபட்ட தேதியைப் போட்டு எழுதி வாங்கி, எக்ஸ்ரேயோடு பத்திரப்படுத்துங்கள். உங்கள் காப்பீட்டில் பல் சேராது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், வழக்கமான பல் சிகிச்சையைச் சேர்க்காத பாலிசிகளில்கூட விபத்தில் அடிபட்ட பல்லுக்கு இடம் இருப்பதுண்டு, எடுத்துப் படித்துப் பாருங்கள். உடைந்த துண்டு கிடைத்ததா? கிடைத்தால் ஈரமாக வைத்து எடுத்துப் போங்கள், சில சமயம் அதையே ஒட்டிவிடுவார்கள்.

மற்றவர்களுக்கும் சேர்த்து ஒன்று. நிரந்தரப் பல் முழுசாகக் கழன்று விழுந்தால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள், அழுக்கு இருந்தால் லேசாக அலசி, அதே குழியில் திரும்ப வையுங்கள், முடியாவிட்டால் பாலில் போட்டு அரை மணிக்குள் டாக்டரிடம் ஓடுங்கள். தேய்த்துக் கழுவக் கூடாது. பால் பல் என்றால் திரும்ப வைக்கவே கூடாது.

கேள்வி: பல்லுக்கென்று தனியாகக் காப்பீடு எடுக்கலாமா? அடுத்த மாதம் ஆர்.சி.டி. செய்ய வேண்டியிருக்கிறது.

பதில்: அடுத்த மாத வேலைக்கு இன்றைக்கு எடுத்தால் பெரும்பாலும் பயன்படாது. பெரிய சிகிச்சைகளுக்குக் காத்திருப்புக் காலம் வைத்திருப்பார்கள், ஏற்கெனவே இருக்கிற பிரச்சினைக்குத் தராமலும் இருப்பார்கள். ஏற்கெனவே பாலிசி வைத்திருப்பவர்கள் மூன்றைப் பாருங்கள்: ஆண்டு உச்சவரம்பு எவ்வளவு, எத்தனை சதவீதம் உங்கள் கையிலிருந்து, முன் அனுமதி வேண்டுமா. உச்சவரம்பு சின்னதாக இருந்து, அவசரமில்லாத வேலை பாக்கி இருந்தால், பாதியை இந்தப் பாலிசி ஆண்டிலும் மீதியை அடுத்த ஆண்டிலும் செய்துகொள்ளலாம். இது குறுக்குவழி ஒன்றும் இல்லை, டாக்டர் ஒத்துக்கொண்டால் போதும்.

கேள்வி: கேப் கழன்று விழுந்துவிட்டது அக்கா. ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். சூப்பர் க்ளூ போட்டு நானே ஒட்டிக்கொள்ளட்டுமா? புதுசு போட வசதி இல்லை.

பதில்: ஐயோ, வேண்டாம்! அந்தப் பசை வாய்க்கானது இல்லை, கோணலாக ஒட்டிக்கொண்டால் பல்லையும் கேப்பையும் சேர்த்தே இழப்பீர்கள். டப்பாவில் போட்டு வைத்ததுதான் புத்திசாலித்தனம். உள்ளே இருக்கிற பல் உடையாமல் சொத்தையாகாமல் இருந்தால் அதே கேப்பைச் சுத்தம் செய்து திரும்ப ஒட்டிவிடுவார்கள், புதுசுக்கு ஆகிறதில் சின்னப் பங்குதான் ஆகும். நாள் கடத்தினால் பல் கொஞ்சம் நகர்ந்து கேப் உட்காராமல் போகலாம், அதனால் இந்த வாரமே போங்கள். அதுவரை அந்தப் பக்கம் மெல்லாதீர்கள். மருந்துக்கடையில் தற்காலிகப் பல் சிமென்ட் கிடைத்தால் அதை வைத்து ஓரிரு நாள் ஓட்டலாம், ஆனால் தூங்கப் போகும்போது கேப் ஆடினால் கழற்றி டப்பாவிலேயே வையுங்கள், தூக்கத்தில் விழுங்கிவிடப் போகிறீர்கள்.